இராசராசப் பெரும்பள்ளியின் விளக்கு

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

சமயத்தையும் ஆன்மீகத்தையும் பற்றிப் பேசவும், மனித இனம் இன்னும் முதிர்ச்சியடைய வேண்டியிருப்பதைப் பற்றிப் பேசவும் என்னை அழைத்திருக்கிறார்கள். திருகோணமலையில் வாழ்கின்ற ஒருவர் இதை ஏடுகளில் தேட வேண்டியதில்லை. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்றும் அர்ச்சனைத் தட்டுடன் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்குச் செல்லும் நாம் அந்தக் கோட்டை வாசலைக் கடந்தே செல்கிறோம். இடித்தவர்களும் தம் ஆண்டவரை நாள்தோறும் தொழுதவர்கள்தாம். அந்தத் தொழுகை அவர்களுடைய கையைத் தடுக்கவில்லை என்பதுதான் என்னை நெடுநாளாக வருத்துகிறது.

பழியை அந்நியர்மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. சோழப் படைகள் இலங்கையின் விகாரைகளைச் சூறையாடியதாக இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. அதே சோழர் காலத்தில்தான், நம் நகருக்கு வடமேற்கே பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரை, சைவனான இராசராசனின் பெயரால் இராசராசப் பெரும்பள்ளி என்று வழங்கியது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள், அந்தப் பள்ளிக்கு விளக்கும் பசுக்களும் தானமாகக் கொடுக்கப்பட்டதைப் பதிந்து வைத்திருக்கின்றன. கொடுத்தவர்களில் பௌத்தத் தமிழர் இருந்திருப்பார்கள். சைவ அரசன் ஒருவனின் பெயர் தம் பள்ளிக்கு அமைவதில் அவர்கள் குறை காணவில்லை. ஓர் இடத்தில் விகாரையைக் கொள்ளையிட்ட அரசின் நிழலிலேயே இன்னோர் இடத்தில் விகாரையின் விளக்கு எரிந்தது. ஆகவே, இன்ன சமயத்தார் முதிர்ந்தவர், இன்ன சமயத்தார் முதிராதவர் என்று பிரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சமயம் நமக்குப் பெற்றோர் வழி வருகிறது. ஆன்மீகம் அப்படி வருவதில்லை. நம் அச்சத்தையும் ஆசையையும் நாமே எதிர்கொள்ளும்போதுதான் அது தொடங்குகிறது. குழந்தை 'எனக்கு, எனக்கு' என்று கேட்பது இயல்பு. வளர்ந்த பின்னும் இறைவன்முன் அதையே கேட்டு நிற்பதும், என் இறைவன் உன் இறைவனிலும் பெரியவன் என்று வாதாடுவதும் வளர்ச்சியாகா. மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்கள். கைத்திறன் மட்டும் அதற்குள் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. 1942 ஏப்ரல் 9 அன்று இந்தத் துறைமுகத்தின்மீது குண்டுகள் விழுந்தன. மூன்றே ஆண்டுகளில் ஒரே குண்டு ஒரு நகரத்தையே அழிக்கும் நிலை வந்தது.

முதிர்ச்சி இயலாத ஒன்று என்றும் நான் நம்பவில்லை, ஏனெனில் அதை நான் கண்ணாலே கண்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26இல் கடல் உள்ளே வந்தபோது, கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் வந்தவர் யாரென்று கேளாமல் கதவைத் திறந்தன. நான் நின்ற இடத்தில், பர்தா அணிந்த தாயொருத்தி, தாயை இழந்த சைவப் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். அன்றைக்கு எவருக்கும் அறிவுரை தேவைப்படவில்லை. சில மாதங்களில் நிவாரணப் பட்டியல்கள் வந்தன. அவற்றோடு யாருக்குக் கூட, யாருக்குக் குறைய என்ற பேச்சும் வந்தது. கடல் நீக்கிய சுவர்களை நாமே மீண்டும் எழுப்பினோம். பேரழிவு வராமலே அந்தத் தாயைப் போல் இருக்க நம்மால் ஏன் முடியவில்லை என்ற கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

வருகின்ற பூரணையன்று என் பேரப்பிள்ளைகளை வெல்கம் விகாரைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். அந்தக் கல்லில் உள்ள தமிழ் எழுத்துகளை அவர்கள் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விளக்குக்கு ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயும் எடுத்துச் செல்கிறோம்.

வணக்கம்.