கணைக்கால் வலியை மறைக்காதீர்கள்

(படைத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த மன்னார்குடிக் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீரத்தைப் பற்றிப் பேச இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். நான் முழங்காலுக்குக் கீழே இருக்கும் கணைக்கால் எலும்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2023 முதல், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் சேர்க்கையில் கணினித் தேர்வு முதலில், ஓட்டம் பிறகு. இதனால் என்ன ஆகிறது? பிள்ளைகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். முடிவு வந்த மறுநாள் விடியற்காலையில் பைபாஸில் இறங்கி ஓடுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழுசாக 60 மதிப்பெண். பத்து பீம், அதாவது கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுப்பது, எடுத்தால் 40. கையில் இருப்பதோ சில வாரங்கள். அதனால் காலையில் ஓட்டம், சாயங்காலமும் ஓட்டம்.

இரண்டே வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்துவிடும், நேரமும் இறங்கும். 'நமக்கு வந்துவிட்டது' என்று மனசு சொல்லும். ஆனால் எலும்பின் கணக்கு வேறு. புதுப் பாரம் விழுந்தால் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்து எடுக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைக்கச் சில வாரம், கட்டி முடிக்க மூன்று நான்கு மாதம். ஆற்றங்கரையைப் பலப்படுத்தும்போது முதலில் இளகிய மண்ணை வெட்டி எடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்தால் உடைப்புதான். மூன்றாவது, நான்காவது வாரத்தில் உங்கள் கால் அந்த நிலையில் இருக்கிறது. அப்போது ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். டாக்டர்கள் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பது இதைத்தான்.

இது புது நோயும் இல்லை. எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு 40 வருஷம் முன்பே, 1855-ல், பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹவுப்ட், நெடுந்தூரம் நடந்த வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். அன்று முதல் இன்று வரை உலகத்தில் எந்தப் படையின் பயிற்சி முகாமிலும் இது உண்டு.

எப்படித் தெரிந்துகொள்வது? சதை வலி பரவலாக இருக்கும், ஓடி உடம்பு சூடானதும் குறையும். எலும்பு விரிசலில் ஒரே ஒரு இடத்தை விரலால் அழுத்தினால் சுரீர் என்று வலிக்கும், ஓட ஓடக் கூடும், முற்றினால் ராத்திரி படுக்கும்போதும் வலிக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். 'எக்ஸ்ரே நார்மல், ஓடு' என்று யார் சொன்னாலும், வலி இருந்தால் ஓடாதீர்கள். கணைக்காலில் என்றால் ஆறு முதல் எட்டு வார ஓய்வில் பெரும்பாலும் சேர்ந்துவிடும். தொடை இடுக்கில் வலி வந்தால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விழுந்து, அது முழுசாக முறிந்தால், ஆபரேஷன்தான். படை வேலையும் கைவிட்டுப் போகும்.

சேர்ந்த பிறகும் இதே கதைதான். ரெலிகேட் செய்துவிடுவார்கள், அதாவது பின்னால் வரும் அணியில் தள்ளிவிடுவார்கள், கூட வந்தவர்கள் முன்னே போய்விடுவார்கள் என்று பயந்து, பயிற்சியில் இருக்கும் ரெக்ரூட்டுகள் வலியைப் பயிற்சி கொடுக்கும் உஸ்தாதிடம் சொல்ல மாட்டார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவார்கள். முகாமின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்கு வரும்போது நொண்டிக்கொண்டு வருவார்கள். முதல் வாரமே வந்திருந்தால் சில வாரத்தில் திரும்பியிருக்க வேண்டிய பிள்ளைகள். நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

அதனால் விண்ணப்பம் போட்ட அன்றே ஓடத் தொடங்குங்கள். முதலில் நடையும் ஓட்டமும் கலந்து, வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து. வாரத்தில் இரண்டு நாள் ஓடவே வேண்டாம். தார் ரோட்டைவிடப் பாமணி ஆற்றங்கரை மண் நல்லது என்பார்கள். லாரி வராது என்பதற்காகவே நானும் கரையைத்தான் சொல்வேன். ஆனால் எந்தத் தரை என்பதைவிட எவ்வளவு ஓட்டம் என்பதுதான் பெரிய விஷயம். தூக்கமும் அப்படியே. இஸ்ரேல் படையில் குறைந்தது 6 மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கி, நடையின் அளவையும் குறைத்தபோது இந்த விரிசல்கள் வெகுவாகக் குறைந்தன.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் மூன்று வேளையும் சோறு. அரிசியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், நெத்திலிக் கருவாடு, முருங்கைக் கீரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும், இந்த விரிசல் அவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்து ஓடி, மாதவிலக்கு நின்றுபோனால், எலும்பு தேய்கிறது என்று பொருள். கூச்சப்படாமல் அம்மாவிடம் சொல்லுங்கள். அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த பெண்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் விரிசல்கள் 20 சதவீதம் குறைந்தன.

வெயிலுக்கும் உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். ஓடும்போது ஒருவன் உளறினால், தடுமாறினால், முதலில் தண்ணீரில் முக்கி உடம்பைக் குளிரவையுங்கள், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அப்புறம்.

'ராணுவத்தில் போய் மெதுவாகவா?' என்று தம்பிகள் கேட்பார்கள். 9,000 அடிக்கு மேல் உயரமான மலைக்கு அனுப்பும் வீரரை ராணுவமே முதலில் 6 நாள் அங்கே தங்கவைத்துப் பழக்குகிறது. 12,000 அடி தாண்டினால் இன்னும் 4 நாள், 15,000 தாண்டினால் மறுபடி 4 நாள். எவ்வளவு வேகமாக ஓடுகிறவனாக இருந்தாலும் விலக்கு இல்லை. ஏனென்றால் ஓட்டத்தில் கெட்டிக்காரனுக்கும் மலையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இப்போது காலில் வலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் இங்கேயே இருப்பீர்கள், எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வலது பக்கம் வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், ஒவ்வொரு காலாகப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.