நம்ம ஊர்தானே என்று கிளம்புகிறவர்களுக்கு

வணக்கம் நேயர்களே. மொரீஷியஸிலிருந்து தமிழ்நாட்டுக்குக் குடிபோக நினைக்கிறவர்கள் கிளம்பும் முன்னால் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி இடம் கிடைத்திருக்கிறது, மகனுக்குச் சென்னையில் ஐடி வேலை, ஓய்வு பெற்றபின் கோயில் குளம் என்று அங்கேயே இருந்துவிடலாம் என்ற ஆசை. இப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரணம். நான் சென்னையில் சில வருடங்கள் குடியிருந்தவள். திரும்பி வந்தபின், புறப்படுகிறவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் என்னிடம் கேட்பதையும், கேட்க மறந்துவிடுவதையும் வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ போகிறவர்கள் ஒரு வருடம் முன்பிருந்தே விசாரிக்கிறார்கள். வாடகை எவ்வளவு, குளிர் எப்படி, பள்ளிக்கூடம் எங்கே என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். இந்தியா என்றால் மட்டும், "நம்ம ஊர்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். முதல் ஆறு மாதம் மனம் உடைந்துபோகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். நம் முன்னோர்களில் சிலர் 1730களில், பிரெஞ்சு ஆளுநர் லா புர்தொனே காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களாக வந்தார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் வந்தார்கள். அவர்கள் விட்டுவந்த ஊர் அப்படியே நமக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. நாமும் மாறிவிட்டோம். வீட்டில் கிரியோல் பேசுகிறோம், காலையில் ரொட்டி சாப்பிடுகிறோம், ஐந்தாறு மணிக்கெல்லாம் கடையை அடைத்துவிடுகிறோம். அதனால் தமிழ்நாட்டுக்குப் புது ஆளாகப் போங்கள் என்பேன். புது ஆள் கூச்சப்படாமல் கேள்வி கேட்பார். உறவுக்காரர் போல உரிமையோடு போய் நிற்கிறவர், எதிர்பார்த்தது கிடைக்காதபோது அதிகமாக வருத்தப்படுவார்.

முதலில் கூட்டம். நம் தீவு முழுவதும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் பேர் இருக்கிறோம். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகர எல்லைக்குள் மட்டும் 46 லட்சம் பேர். அந்த நெரிசலில் ஒருவர் தோளில் இடித்துக்கொண்டு போவது அவமரியாதை இல்லை. வண்டிகள் நம் ஊர்போலவே இடதுபக்கம்தான் போகும், அதை நம்பித் தெருவில் இறங்கிவிடாதீர்கள். எதிர்த்திசையிலும் ஒரு பைக் வரும். ஹாரன் அடிப்பது கோபத்தால் அல்ல, "நான் வருகிறேன்" என்று சொல்வதற்காக.

பருவம் நமக்குத் தலைகீழ். இங்கே குளிர் தொடங்குகிற மே மாதத்தில் அங்கே அக்னி நட்சத்திரம். குழந்தைகளையும் பெரியவர்களையும் அந்த மாதத்தில் கொண்டுபோய் இறக்காதீர்கள். தை, மாசி நல்ல காலம். பள்ளி ஆண்டு அங்கே ஜூன் மாதத்தில் தொடங்குவதால், சேர்க்கை விசாரிக்கவும் அது வசதி. மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நமக்குப் புயல் என்றால் கிளாஸ் ஒன்று, இரண்டு என்று காதில் விழும். அங்கே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருவார்கள்.

வீடு பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். சென்னையில் தரைத்தள வீடு என்றால், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். ஹவுஸ் ஓனரிடம் மட்டும் கேட்டால் போதாது. குழாயில் வருவது மெட்ரோ வாட்டரா, போர் தண்ணியா, லாரி தண்ணியா என்றும் கேளுங்கள். குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் வாங்குவார்கள், அல்லது வடிகட்டும் இயந்திரம் வைத்திருப்பார்கள். நம் ஊரில் குழாயைத் திறந்து அப்படியே குடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதை ஊரிலேயே சொல்லிவையுங்கள். கொசுவும் அப்படித்தான். மொரீஷியஸ் 1973இலேயே மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று பெற்றது. அங்கே மலேரியாவும் உண்டு, மழைக்காலத்தில் டெங்கு பயமும் உண்டு. ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று பாருங்கள். மின் அழுத்தம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான், ஆனால் பிளக் வேறு. நம்முடைய தட்டை முனை பிளக் அங்கே நுழையாது.

வாடகைக்கு 11 மாத ஒப்பந்தம் போடுவது வழக்கம். முன்பெல்லாம் சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது. அதனால் பேசிப் பார்க்கலாம். பேசும்போது லட்சத்தில் பேசுவார்கள். மில்லியனில் எண்ணிப் பழகிய நாம் மனத்துக்குள் மாற்றிக்கொண்டிருப்போம். ஒரு மில்லியன் பத்து லட்சம். கமா போடுகிற இடமும் வேறு என்பதால் காசோலை எழுதும்போது எழுத்தால் எழுதிய தொகையை ஒருமுறை சரிபாருங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருக்கு உண்டு. பல வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது, நீங்களே நினைவுபடுத்துங்கள். 180 நாளுக்கு மேல் தங்குகிற மாணவர் விசா, வேலை விசாவில் போகிறவர்கள் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். தள்ளிப்போட்டால் அபராதம்.

அப்புறம் போன். இந்தியாவில் போன் எண் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. காஸ் சிலிண்டர் பதிவு செய்ய, ரயில் டிக்கெட் எடுக்க, வங்கிக் கணக்கு திறக்க, எல்லாவற்றுக்கும் ஓடிபி வரும். ஆகவே முதல் வேலையாக பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டி சிம் வாங்குங்கள். பழைய மொரீஷியஸ் எண்ணையும் மூடிவிடாதீர்கள், நம் ஊர் வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். இளநீர்க் கடையில்கூட யுபிஐ அட்டை தொங்கும். 2024 பிப்ரவரியில் மொரீஷியஸிலும் யுபிஐ தொடங்கி வைக்கப்பட்டது, அதனால் பெயர் நமக்குப் புதிதல்ல. ஆனாலும் கணக்கு திறக்கும்வரை கையில் சில்லறை நோட்டுகள் வைத்திருங்கள்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழக நாளாவது மனிதர்களின் கேள்விகள். புதிதாகக் குடிவந்தால் எதிர்வீட்டு அக்கா வருவார். எங்கிருந்து வந்தீர்கள், வீட்டுக்காரருக்கு என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, பெரிய பெண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அரைமணி நேரத்தில் கேட்டுவிடுவார். நம் ஊரில் இப்படிக் கேட்டால் முகம் சுளிப்போம். அங்கே இது அக்கறையின் ஒரு வகை. கேட்ட அதே அக்காதான் உங்களுக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. சிரித்துக்கொண்டே, "இருக்கு அக்கா, பரவாயில்லாம போகுது" என்றால் போதும். திரும்ப அவரிடம் அவர் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். உறவு அங்கிருந்து வளரும்.

ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். சாதியைக் கேட்கிறார்கள். வீடு வாடகைக்குப் பார்க்கும்போதும் இது வரும், சில நேரம் "நீங்க சைவமா?" என்று சுற்றி வளைத்து வரும். நம் தீவில் சாதி அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் சாதி என்னவென்றே தெரியாது, அது நமக்குக் கிடைத்த பெரிய நன்மை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு தாத்தா பாட்டியிடம் போய்க் கேட்காதீர்கள். "எங்க ஊரில் அதைப் பார்ப்பதில்லை" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்காக ஒருவர் வீடு தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம். வேறு தெரு இருக்கிறது, மனம் விரிந்தவர்கள் நிறையவே இருக்கிறார்கள். பிள்ளைகளிடமும் இதை முன்பே பேசிவையுங்கள். வகுப்பில் திடீரென்று ஒருவன் கேட்கும்போது அவர்கள் திகைத்து நிற்கக்கூடாது.

மதமும் அதுபோலத்தான். நாம் இங்கே இந்து, தமிழ், தெலுங்கு, மராத்தி என்று தனித்தனியாகச் சொல்லிப் பழகிவிட்டோம். "உங்கள் மதம் என்ன?" என்றால் "தமிழ்" என்று நம் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அது யாருக்கும் புரியாது. அங்கே வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கிறிஸ்தவரும் தமிழர், நாகூர் தர்காவில் கந்தூரிக்கு நிற்கிற முஸ்லிமும் தமிழர். கோயிலுக்கே போகாத பகுத்தறிவாளரும் தமிழர். இதை நான் அங்கே போய்த்தான் முழுதாக உணர்ந்தேன், மனத்துக்கு மிகவும் நன்றாக இருந்தது. தைப்பூசத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். இங்கே அது நாடே விடுமுறை விடுகிற நாள், நாம் வேல் குத்திக் காவடி எடுப்போம். தமிழ்நாட்டில் 2021 முதல்தான் அது அரசு விடுமுறை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைச் சாலையெங்கும் பார்க்கலாம். ஆனால் உங்கள் அடுக்குமாடியில் பாதிப்பேர் அன்று வீட்டில் சாதாரணமாக இருப்பார்கள். பக்தி குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு வருடம் முழுக்கத் திருவிழா இருக்கிறது.

மொழிக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு மனது அதிகம். நம் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் எழுத்துத் தமிழ். கடையில், பேருந்தில் பேசுவது வேறு மாதிரி, ஊருக்கு ஊர் வேறு மாதிரி. உங்கள் தமிழ் அங்கே புத்தகம் வாசிப்பதுபோல் கேட்கும். சிலர் சிரிப்பார்கள், அதற்காக ஆங்கிலத்துக்குத் தாவிவிடாதீர்கள். புறப்படுவதற்கு முன் தினமும் கொஞ்ச நேரம் தமிழ்நாட்டு ஆட்கள் பேசுவதைக் கேளுங்கள். செய்தி வேண்டாம், சமையல் நிகழ்ச்சியும் தெருப் பேட்டிகளும் கேளுங்கள். பெரியவரை சார், அம்மா, அண்ணா, அக்கா என்று முறைவைத்துக் கூப்பிடுங்கள், வெறும் பெயர் சொல்லக்கூடாது. பிள்ளைகள் பத்தாம் வகுப்புவரை பள்ளியில் தமிழ் படிக்க வேண்டியிருக்கும், அது நல்லதுதான். சென்னையில் பல பள்ளிகளில் பிரெஞ்சும் கற்றுத்தருகிறார்கள், நம் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏழு கறியோடு இலையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். இடதுகையால் பரிமாறவோ காசு கொடுக்கவோ வேண்டாம். விருந்தில் சாப்பிட்டபின் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

கடைசியாகக் காகிதங்கள். 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கே வந்தபோது, ஏழாம் தலைமுறை மொரீஷியஸ் இந்திய வம்சாவளியினருக்கும் ஓசிஐ எனும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை கிடைக்கும் என்று அறிவித்தார். அந்த அட்டை இருந்தால் ஆயுள் முழுக்க விசா வேண்டாம், வெளிநாட்டவர் பதிவும் வேண்டாம். ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அந்த அட்டை வாங்க, உங்களில் தொடங்கி இந்தியாவிலிருந்து வந்த முன்னோர் வரை பிறப்பு, திருமணச் சான்றுகள் சங்கிலிபோல் சேர வேண்டும். நம் பெயர்களைப் பிரெஞ்சு உச்சரிப்பில் ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரே தாத்தாவின் பெயர் மூன்று சான்றில் மூன்று மாதிரி இருக்கும். திருத்துவதற்குக் காலம் பிடிக்கும், ஆகவே விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பிறப்பு, திருமணங்களைப் பதிகிற சிவில் ஸ்டேட்டஸ் அலுவலகத்துக்குப் போங்கள். நம் தீவின் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. அதில் உங்கள் முன்னோரின் கிராமத்தின் பெயர் கிடைத்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் போய் இறங்கிய மாதமே அந்தக் கிராமத்தைத் தேடி ஓடாதீர்கள். வீடு, வங்கி, பள்ளி எல்லாம் சரியானபின் போகலாம். போகும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பதிவேட்டில் தென்னாற்காடு என்று இருந்தால் இன்றைய வரைபடத்தில் அந்த மாவட்டம் இல்லை. 1993இல் அது கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. பிறகு 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. மூன்று மாவட்டத்திலும் அதே பெயரில் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத்தின் பெயரையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேருந்து ஏறுங்கள்.

வணக்கம்.