மண்ணில்தான் பேசுகிறது அந்தக் கலை

நடுவர் ஐயா அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"ரெபேக்கா பெல்மோரின் கலை ஓங்கிப் பேசுவது மண்ணிலா, மண்டபத்திலா?" இதுதான் இன்றைய தலைப்பு. மண்ணில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

ஆளைத் தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. கனடாவில் நாம் வாழும் இதே ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கில், அப்சலா என்ற சிற்றூரில் 1960 இல் பிறந்தவர் பெல்மோர். அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தவர். சிற்பம் செய்வார், வீடியோ எடுப்பார், புகைப்படம் எடுப்பார், தன் உடம்பையே கருவியாக்கி நடுவீதியில் நிகழ்த்திக் காட்டுவார். 2005 இல் வெனிஸ் பியனாலே என்னும் உலகக் கலை விழாவில் கனடாவின் சார்பில் பங்கேற்றார். அந்த இடத்துக்குப் போன முதல் பூர்வகுடிப் பெண் அவர்தான்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை அந்த வெனிஸையே பிடித்துக்கொண்டார். "வீதியில் செய்வது காற்றோடு போய்விடும், நூதனசாலைதான் காப்பாற்றி வைக்கும். கண்ணகிகூட நீதி பெற்றது பாண்டியனின் அவையில்தானே?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். சரி தங்கச்சி, ஆனால் அவைக்குப் போவதற்கு முன்னால் கண்ணகி எங்கே நின்றாள்? மதுரைத் தெருக்களில் நின்றாள். இந்த ஊரில் சான்றோர் இருக்கிறார்களா என்று அங்கேதான் கேட்டாள். ஊர் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அவள் அரண்மனை வாசலுக்குப் போனாள்.

நூதனசாலை காப்பாற்றும் என்கிறார்களே, அதைப் பார்ப்போம். 1988 இல் கல்கரியில் குளிர்கால ஒலிம்பிக். அதையொட்டி அங்குள்ள கிளென்போ நூதனசாலை பூர்வகுடிக் கலைப்பொருட்களைச் சேர்த்துப் பெரிய கண்காட்சி வைத்தது. அதற்குப் பணம் கொடுத்தது ஷெல் எண்ணெய் நிறுவனம். அதே வேளையில் அல்பேர்ட்டாவின் வடக்கே லூபிகன் கிரீ என்ற பூர்வகுடி மக்கள், தங்கள் நிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்களே என்று போராடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூர்வகுடி முன்னோர் செய்த பொருட்களுக்கு மரியாதை, வெளியே உயிரோடு இருக்கிறவர்களுக்கு நிலம் இல்லை. அந்தக் கண்காட்சியைப் புறக்கணியுங்கள் என்று லூபிகன் மக்கள் கேட்டார்கள்.

பெல்மோர் என்ன செய்தார் தெரியுமா? ஜனவரி மாதம், ஒலிம்பிக் தீபம் தண்டர் பே நகரைக் கடந்துபோன நாளில், அங்குள்ள ஓவியக் கூடத்துக்கு வெளியே வெறும் தரையில் போய் உட்கார்ந்தார். குளிர் பூச்சியத்துக்குக் கீழே 22 பாகை. இரண்டு மணி நேரம் வாய் திறக்கவில்லை. தன்னையே ஒரு காட்சிப் பொருளாக்கி, "கலைப்பொருள் 671பி" என்று பெயரும் வைத்தார். இங்கே பஸ்ஸுக்காக ஜனவரியில் பத்து நிமிடம் நின்றவர்களுக்கு அந்தக் குளிர் எப்படி என்று தெரியும். கையுறைக்குள் விரல் முதலில் குத்தும், பிறகு மரத்துப்போகும். அதே பெண் உள்ளே போய், வெப்பமூட்டிய கூடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தால்? அது வேறு ஏதோ ஒன்றாகியிருக்கும். அந்தப் படைப்பின் பாதி அந்தக் குளிர், மறுபாதி அந்த வெறும் தரை.

அடுத்தது வன்கூவர். இதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

வன்கூவரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் பகுதியிலிருந்து ஆண்டுக்கணக்கில் பெண்கள் காணாமல் போனார்கள். பலர் பூர்வகுடிப் பெண்கள். வீட்டார் தேடினார்கள், முறையிட்டார்கள். 2002 பெப்ரவரியில்தான் பொலிஸ் நகருக்கு வெளியே ஒரு பன்றிப் பண்ணையில் அவர்களின் தடயங்களைத் தேடத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூன் மாதம், அதே பகுதியில் கோர் வீதியும் கொர்டோவா வீதியும் சந்திக்கும் மூலையில் பெல்மோர் வந்து நின்றார். அந்த நிகழ்வின் பெயர் "விஜில்". விழித்திருந்து காத்தல் என்று சொல்லலாம்.

முதலில் தரையைத் தேய்த்துக் கழுவினார். வாளித் தண்ணீரும் கையுமாக, முழந்தாளிட்டு. செத்த வீட்டில் நாம் முற்றம் கழுவுவதில்லையா, அப்படித்தான் எனக்குப் பட்டது. பிறகு மெழுகுதிரிகளை ஏற்றினார். அவருடைய கைகளில் காணாமல் போன பெண்களின் பெயர்கள் எழுதியிருந்தன. ஒரு பெயரைப் பார்ப்பார், அடிவயிற்றிலிருந்து கத்திக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் ஒரு ரோசாவை, முள்ளோடும் இலையோடும், பல்லுக்கிடையில் வைத்து இழுப்பார். அடுத்த பெயர், அடுத்த பூ. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுவதென்றால் என்னவென்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

அப்புறம் ஒரு சிவப்புச் சட்டையை, நீளமான கவுணை, உடுத்திக்கொண்டார். அந்தத் துணியைத் தொலைபேசிக் கம்பத்தில் ஆணி வைத்து அறைந்தார். அறைந்துவிட்டு, தன் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்து, கிழித்துக்கொண்டு வெளியே வந்தார். மறுபடியும் ஆணி, மறுபடியும் கிழிசல். துணி போய் உள்ளாடையோடு நிற்கும் வரை விடவில்லை. சிவப்புத் துண்டுகள் ஆணியில் தொங்கின.

அந்த நிகழ்வின் பதிவை வைத்துப் பிறகு கூடத்துக்காக ஒரு படைப்புச் செய்தார், திரையில் மின்குமிழ்களைப் பதித்து. அருமையான படைப்பு, மறுக்கவில்லை. ஆனால் எதிரணி நண்பர்களே, அந்தத் திரையில் ஓடுவது எது? அந்தச் சந்தியும் அந்தக் கம்பமும்தானே? அந்தப் பெண்கள் நடந்த நடைபாதை அது. வேறு எந்தத் தரையைக் கழுவினாலும் அது வெறும் தரை கழுவல்தான்.

வெனிஸுக்கு வருகிறேன். அங்கே அவர் வைத்த படைப்பு "நீரூற்று". வன்கூவருக்கு அருகே அயோனா கடற்கரையில் எடுத்த வீடியோ. பெல்மோர் தண்ணீருக்குள் போராடி, வாளியில் மொண்டு, தூக்கமுடியாமல் தூக்கி வந்து நம் முகத்தை நோக்கி வீசுகிறார். வீசியது இரத்தமாக வழிகிறது. அதை அவர் துணித்திரையில் காட்டவில்லை, விழுந்துகொண்டிருக்கும் நிஜத் தண்ணீரின் மேல் காட்டினார். மண்டபத்துக்குள் போகும்போதும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டுதான் போனார், ஐயா. வினிபெக்கில் மனித உரிமைகளுக்கான கனடிய நூதனசாலையில் தொங்கும் அவருடைய களிமண் போர்வையும் அப்படித்தான். 14,000க்கும் மேற்பட்ட மணிகள், ஒவ்வொன்றும் கைப்பிடிக்குள் வைத்து நெரித்தது, விரல் பதிந்த தடத்தோடு. அந்தக் களிமண் வினிபெக் நகரின் மண்ணிலிருந்தே எடுத்தது. எதிரணிக்குப் பலமான சாட்சி என்று அவர்கள் கொண்டுவந்ததே எங்கள் மண்தான்.

ஏதென்ஸையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2017 இல் அக்ரோபோலிஸ் என்ற பழங்காலக் கோட்டைக்கு எதிரே உள்ள குன்றில், பளிங்கில் செதுக்கிய ஒரு கூடாரத்தை வைத்தார். உள்ளே போய் உட்காரலாம். அகதிகள் கடல் தாண்டி வந்து கூடாரங்களில் தங்கியிருந்த நாடு அது. கூடாரத்தில் படுத்து எழும்பிய ஆட்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். அதை ஏன் வெட்டவெளியில் வைத்தார் என்று உங்களுக்குப் புரியும்.

கடைசியாக ஒன்று. 1990 இல் மொன்றியலுக்குப் பக்கத்தில் ஓகா என்ற இடத்தில், ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்க, மோஹாக் என்ற பூர்வகுடி மக்களின் பைன் மரக்காட்டையும் புதைகுழி நிலத்தையும் எடுக்கப் பார்த்தார்கள். மக்கள் வழி மறித்தார்கள். 78 நாள் இழுபறி. இராணுவமே வந்து நின்றது. அதற்குப் பதில் சொல்வதுபோலப் பெல்மோர் மரத்தால் ஒரு மெகபோன் செய்தார். வாயின் அகலம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மீற்றர். அதற்கு வைத்த பெயரின் பொருள் "தங்கள் தாயோடு பேசுதல்". 1991 இல் பான்ஃப் மலைப் புல்வெளியில் அதை வைத்தார். பிறகு நாட்டின் பல பூர்வகுடிச் சமூகங்களுக்கும் கொண்டுபோனார்.

அதன் வாயைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். நிலத்தைப் பார்த்து வைத்தார். அரசாங்கத்திடம் அல்ல, நிலத்திடம் பேசுங்கள் என்றார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, குனிந்து, அந்தச் சிறு துளையில் வாய் வைத்துப் பேசினார்கள்.

எதிரணித் தங்கை சொன்னதுபோல அந்த மெகபோனைப் பத்திரமாக நாலு சுவருக்குள் வைக்கலாம். தூசு படாது. ஆனால் அங்கே அதில் வாய் வைத்துக் கூப்பிட்டால் சுவர்தான் திருப்பிச் சொல்லும். பான்ஃபில் மலை சொன்னது, ஐயா.

மணி அடித்துவிட்டீர்கள். அமர்கிறேன். நன்றி, வணக்கம்.