சான்றிதழை பீரோவில் பூட்டாதீர்கள்

எல்லாருக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த அரிமா சங்கத் தலைவர் அவர்களே, ஜெனரேட்டருக்கு டீசல் போட்ட அரிசி ஆலை அதிபர் அவர்களே (பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டிருக்கிறார்), தலைமை ஆசிரியர்களே, சிறப்புப் பயிற்றுநர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிற அப்பா அம்மாக்களே! யாரையாவது விட்டிருந்தால் கோபிக்காதீர்கள். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எண்ணிக்கையில் தப்பு வராது, பெயரில்தான் வரும்.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளை, அதாவது புத்தி இருந்தும் எழுதப் படிக்கத் திணறுகிற பிள்ளைகளை, வேலைக்கும் வாழ்க்கைக்கும் எப்படித் தயார் செய்வது என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, வீட்டில் நாம் என்ன பழக்க வேண்டும். இரண்டு, வேலை கொடுப்பவர்கள் என்ன செய்யலாம். மூன்று, அரசாங்கம். எனக்குத் தெரிந்த பழமொழி ஒன்றே ஒன்றுதான், அதை எல்லா மேடையிலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்: வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. நம் பிள்ளைகள் விஷயத்தில் அந்தத் தாழி உடைகிற வயது பதினெட்டு.

பத்தாம் வகுப்பு வரைக்கும் எல்லாரும் கூடவே ஓடுகிறோம். ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு, ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஒரு ஆள் என்று அலைந்து வாங்குகிறோம். பிள்ளை பாஸ் ஆகிறான், சாக்லேட் கொடுக்கிறோம். அப்புறம்? பஸ் போர்டு படிக்கத் திணறுகிறவன், பேங்க் செலானைப் பார்த்தால் கை நடுங்குகிறவன், அவனை அப்படியே விட்டுவிடுகிறோம். ஏடிஎம்மில் பணம் எடுக்க, மருந்துச் சீட்டைக் காட்டி மருந்து வாங்க, "எனக்குப் படிக்க நேரம் ஆகும், கொஞ்சம் சொல்லுங்க" என்று கூச்சமில்லாமல் கேட்க எட்டாம் வகுப்பிலிருந்தே பழக்க வேண்டும். முதல் விஷயம் இதுதான், நிறைய இருக்கிறது, தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார், இரண்டாவதுக்கு வருகிறேன்.

சேலத்தில் ஒரு பார்சல் சர்வீஸ். அங்கே என்னிடம் படித்த பையன் ஒருவன் மூட்டை ஏற்றி இறக்கச் சேர்ந்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் லாரி கிளம்பிவிடும், அப்படிப்பட்ட பையன். அங்கே என்ன தலைவலி என்றால், நம் தமிழ்நாட்டில் திருப்பத்தூர் இரண்டு இருக்கிறது. ஒன்று முன்னே வேலூர் மாவட்டத்தில் இருந்து 2019-ல் தனி மாவட்டமானது, இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில், பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில். போதாக்குறைக்கு திருப்பூர், திருப்பதி. படிக்க வராதவனுக்கு எல்லாமே ஒரே மூட்டை. இவன் என்ன செய்தான், பக்கத்துக் கடையில் கலர் நைலான் கயிறு வாங்கி, புக்கிங்கில் ஊரைக் காதால் கேட்டுக் கேட்டு, வடக்கே போகிற திருப்பத்தூருக்கு மஞ்சள், தெற்கே போகிறதுக்கு சிவப்பு என்று மூட்டைக்கு மூட்டை கட்டிவிட்டான். முதலாளி பார்த்துவிட்டு, "இது என்னடா, மாட்டுப் பொங்கலா?" என்று கத்தியிருக்கிறார். (சிரியுங்கள், நானும் சிரித்தேன்.)

ஒரு வைகாசி முகூர்த்தம். விடியற்காலையில் முதலாளிக்குப் போன். பெண்ணின் தாய்மாமன் பேசுகிறார். சீர்ப் பாத்திரம், குத்துவிளக்கு, பித்தளை அண்டா எதுவும் வந்து சேரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியவில்லை என்கிறார். மூட்டை எங்கே? வடக்கே இருக்கிற திருப்பத்தூர் கோடவுனில் பத்திரமாக இருக்கிறது, கல்யாணம் தெற்கே. முதலாளி நேரே பையனிடம் வந்து, "படிக்கத் தெரியாதவனை வேலைக்கு வைத்தால் இப்படித்தான்" என்று ஆரம்பித்தார். பையன் ஒன்றும் பேசவில்லை. தரையில் கிடந்த அறுந்த சிவப்புக் கயிறை எடுத்துக் காட்டினான். விசாரித்தால், கயிறு அசிங்கமாக இருக்கிறது என்று அறுத்துப் போட்டுவிட்டு, பில்லைத் தானே "படித்து" வடக்கே போகிற லாரியில் ஏற்றச் சொன்னது பி.காம். படித்த புக்கிங் கிளார்க்! அடுத்த வாரமே முதலாளி அவர் காசில் ரோல் ரோலாகக் கயிறு வாங்கிப் போட்டார். இன்றைக்கு அந்தப் பையன்தான் கோடவுன் பொறுப்பு. முதலாளி இரக்கப்பட்டு ஒன்றும் செய்யவில்லை, பார்சல் சரியாகப் போனது, அவ்வளவுதான். இங்கே உட்கார்ந்திருக்கிற முதலாளிமார்களிடம் நான் கேட்பதும் நைலான் கயிறு அளவுக்குத்தான்.

இப்போது மூன்றாவது. இதற்காகத்தான் வந்தேன், ஒளிக்கவில்லை.

1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. 2016 சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அரசு வேலையில் 4 சதவீதம், அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களோடு நம் பிள்ளைகள் பகிர்ந்துகொள்கிறார்கள். அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் 5 சதவீதம். இரண்டுக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் என்று இருக்க வேண்டும். 40 வரவில்லை என்றாலும் தேர்வில் எழுதித் தர ஆள் கேட்கலாம், எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற ஒரு யுபிஎஸ்சி மாணவரின் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

எல்லாம் சரி, சான்றிதழ் எங்கே? 2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டு நெறிகளில் 8 வயதில் ஒரு பரிசோதனை, 14-ல் ஒன்று, 18-ல் ஒன்று என்று வைத்தார்கள். அந்தப் பதினெட்டு வயதுச் சான்றிதழ்தான் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் நடக்கிற மருத்துவ முகாம் பதினெட்டு வயதோடு சரி. எந்தச் சான்றிதழ் கடைசி வரை சோறு போடுமோ அதை வாங்குகிற நேரத்தில் முகாம் இல்லை, டீச்சர் இல்லை, ஜி.ஹெச்.சில் மனநல உளவியலாளர் என்றைக்கு வருவார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். தாழி உடைகிறது என்று சொன்னேனே, இந்த இடத்தில்தான்.

பெற்றோரையும் விடமாட்டேன். பத்தாவது முடிந்ததும் பழைய சான்றிதழைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்து பீரோவைப் பூட்டிவிடுகிறீர்கள். ஏன் என்று கேட்டால், "பொண்ணு கொடுக்க வருகிறவர்கள் கேட்டால் என்ன சார் சொல்வது?" என்கிறீர்கள். வரட்டும், கேட்கட்டும். டூவீலர் கடையில் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற பையனுக்கு ஒரு காகிதத்தால் பெண் கிடைக்காமல் போகாது. அந்தக் காகிதம் இல்லாததால் வேலை கிடைக்காமல் போகும்.

நல அலுவலர் ஐயாவை வைத்துக்கொண்டே கேட்கிறேன், அவர் தப்பாக நினைக்க மாட்டார், நல்ல மனிதர், போன வருடம் கொட்டுகிற மழையில் நம் கூட்டத்துக்கு வந்தவர். ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு மே மாதத்தில் ஒரு முகாம், ஒரே கூரைக்குக் கீழே உளவியலாளர், டாக்டர், யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிவு. மாவட்டத்துக்கு ஒன்று போதும். போன வருடம் பதினெட்டு ஆனவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மனு தயாராக இருக்கிறது, வாசலில் டீ கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்து மேஜையில். கையெழுத்துப் போடுங்கள், எழுத வராத பிள்ளைகள் கைநாட்டு வைக்கட்டும், அதுவும் செல்லும். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். காலை ஒன்பதரைக்கெல்லாம் டோக்கன் வரிசையில் நிற்க வேண்டும். பழைய சான்றிதழ், ஆதார், போட்டோ இரண்டு எடுத்துக்கொண்டு வாருங்கள், ஜெராக்ஸ் அங்கே எடுத்தால் கொள்ளை விலை, ஊரிலேயே எடுத்துவிடுங்கள்.