கலைஞரும் வேதத்துக்கு உரை எழுதியவரே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "வேதத்தின் பொருளை ஆழமாகத் திறந்து காட்டியவர்கள் இறையியலாளர்களா, கலைஞர்களா?" என்பது தலைப்பு. வேதம் என்று இங்கே சொல்வது கிறிஸ்தவ வேதாகமத்தை. நான் கலைஞர்கள் பக்கம். எதிரணித் தலைவர் சற்றுமுன் என்ன சொன்னார்? கலை வசனத்துக்குப் போடும் அலங்காரம், அதைக் கழற்றிவிட்டாலும் வசனம் வசனமாகவே இருக்கும் என்றார். அப்புறம், பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்க மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தைப் பிற்காலத்தில் யூதாவின் ராஜா எசேக்கியா உடைத்துப்போட்டதை எடுத்துக்காட்டி, கலை கடைசியில் விக்கிரகமாகத்தான் போய் முடியும் என்றார். சர்ப்பத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்த அலங்காரத்தைப் பார்த்துவிடுவோம்.

மத்தேயு 26ஆம் அதிகாரம், கடைசி இராப்போஜனம். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்கிறார் இயேசு. சீஷர்கள் துக்கப்பட்டு "ஆண்டவரே, நானோ?" என்று கேட்கிறார்கள். நாம் இந்த இடத்தை எப்படி வாசிக்கிறோம்? யூதாஸ்தான் என்று முன்பே தெரியும், அதனால் வேகமாகத் தாண்டிப் போகிறோம். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியான் பாக் தாண்டிப் போகவில்லை. 1727இல் பெரிய வெள்ளியன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில், தாமஸ் ஆலயத்தில் முதலில் ஒலித்த அவருடைய 'மத்தேயு பாடுகள்' என்ற இசைப்படைப்பில் (மத்தேயு சொல்லும் இயேசுவின் துன்பங்களே அதன் கதை), பாடகர் குழு "ஆண்டவரே, நானோ" என்று 11 தடவை கேட்கிறது. சீஷர்கள் 12 பேர், ஒருவன் மட்டும் வாய் திறக்கவில்லை! அடுத்து இயேசு பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே பாக் கதையை நிறுத்தி, சபையாருக்கு நன்றாகத் தெரிந்த ஞானப்பாட்டிலிருந்து ஒரு சரணத்தை வைக்கிறார். "நான்தான், தண்டனை அனுபவிக்க வேண்டியவன் நான்தான்" என்று அது தொடங்குகிறது. சீஷர்களின் கேள்விக்கு ஆலயத்தில் உட்கார்ந்திருப்பவனே பதில் சொல்லிவிட்டான். பாவத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் இப்படி நம்மை அந்தப் பந்தியிலேயே உட்கார வைக்க முடியுமா?

இன்னும் கேளுங்கள். அந்தப் படைப்பு முழுவதும் இயேசு பேசும்போதெல்லாம் வயலின் முதலான நரம்பு வாத்தியங்கள் ஓர் ஒளிவட்டம் போல அவர் குரலைச் சூழ்ந்து நிற்கும். சிலுவையில் "ஏலீ! ஏலீ! லாமா சபக்தானி", அதாவது என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவர் கதறும் இடத்தில் மட்டும் அவை நின்றுவிடுகின்றன. பிதாவால் கைவிடப்படுதல் என்றால் என்ன என்பது இறையியலில் மிகக் கடினமான கேள்வி, அங்கே அதை நம் காது புரிந்துகொள்கிறது. அன்றைய ஆராதனையில் அந்தப் படைப்பின் இரண்டு பாகங்களுக்கு நடுவே பிரசங்கமும் உண்டு. கிட்டத்தட்ட 300 வருடமாக நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது இசைதான்.

பாக் படித்தது ஓர் இறையியலாளரின் நூலைத்தானே என்று எதிரணி கேட்கலாம். உண்மை, ஆபிரகாம் கலோவ் உரை எழுதிய வேதாகமம் அவரிடம் இருந்தது, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் சாலொமோன் கட்டிய ஆலயத்தில் பாடகர்கள் ஒருமித்துப் பாடியபோது மேகம் வந்து நிரப்பிய 2 நாளாகமம் 5ஆம் அதிகாரத்தின் ஓரத்தில், பக்தியோடு இசைக்கும் இடத்தில் தேவன் எப்போதும் தம் கிருபையோடு இருக்கிறார் என்ற கருத்தைத் தன் கையாலேயே எழுதினார். அது யாருடைய உரை?

நம் பக்கம் வருவோம். நான்கு சுவிசேஷங்களிலும் மரியாளின் கணவன் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. நீதிமான், கனவு கண்டான், எழுந்து போனான், அவ்வளவுதான். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் அந்த மௌனமான தச்சனைத் தலைவனாக்கி, வளன் என்று பெயரிட்டு, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். இல்லாததைச் சேர்த்தார் என்பீர்கள். வேதம் பேசாமல் விட்ட இடத்தில் நின்று, கீழ்ப்படிந்த ஒரு மனிதனின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தார் என்பேன் நான்.

கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் என்ன செய்தார்? பெத்லகேம் நாதராகிய இயேசுமேல் காதல் கொண்ட தலைவி, அவளுக்குக் குறி சொல்ல வரும் குறத்தி, பறவை பிடிக்க வலை விரிக்கும் அவள் கணவன் சிங்கன் என்று 1800 வாக்கில் பெத்லகேம் குறவஞ்சியை எழுதினார். குறத்தி விசுவாசத்தின் உருவம், வலையில் விழும் பறவைகள் ஆத்துமாக்கள். குறி கேட்டுப் பழகிய ஊரில் விசுவாசம் என்றால் என்னவென்று சொல்ல இதைவிட நெருக்கமான வழி ஏது?

சரி, சர்ப்பத்துக்கு வருகிறேன். எசேக்கியா ஏன் உடைத்தார்? ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டினார்கள். அதை உடைத்தது சரி, நானும் உடைத்திருப்பேன். ஆனால் 2 நாளாகமம் 29ஐ எதிரணி ஏன் திறக்கவில்லை? அதே எசேக்கியாதான் கைத்தாளத்தோடும் தம்புருவோடும் சுரமண்டலத்தோடும் ஆலயப் பணியாளர்களான லேவியரை ஆலயத்தில் நிறுத்தி, தாவீதும் ஆசாபும் பாடிய வார்த்தைகளால் கர்த்தரைத் துதிக்கச் சொன்னார். அதுமட்டுமல்ல, அந்தச் சர்ப்பம் உடைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, தம்மைத் தேடி வந்த நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம், தாம் சிலுவையில் உயர்த்தப்படப் போவதைப் பற்றிச் சொல்ல இயேசு தேடி எடுத்த உருவமும் அதுதான், யோவான் 3ஆம் அதிகாரம் 14ஆம் வசனம். எசேக்கியாவை எங்கள் தரப்புச் சாட்சியாக எழுதிக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.