கமிஷனை மிச்சம் பிடிக்கப் போய்

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் ஃப்ரீலான்சர்கள், அதாவது ஊழியராகச் சேராமல் வேலையைத் தனித்தனியாக எடுத்துச் செய்பவர்கள். சிலர் அவர்களுக்கு வேலை கொடுப்பவர்கள். எந்தப் பக்கம் இருந்தாலும் இந்த வரி ஒரு தடவையாவது உங்கள் காதில் விழுந்திருக்கும்: "கமிஷன் எதுக்கு வீணா? வாட்ஸ்அப்புக்கு வாங்க, நேரடியா பேசி முடிச்சுக்கலாம்."

கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. வேலை கொடுப்பவரையும் ஃப்ரீலான்சரையும் சேர்த்துவைக்கும் இணையத் தளங்கள் எடுத்துக்கொள்ளும் பங்குதான் இந்தக் கமிஷன். ஃபைவர் என்ற தளத்தில் வேலை செய்பவரின் வருமானத்தில் 20 சதவீதம் போய்விடுகிறது. அப்வொர்க் என்ற இன்னொரு தளம் 2023இல் 10 சதவீதம் என்று ஒரே அளவாக வைத்தது. 2025இல் அதையும் மாற்றி, ஒப்பந்தத்தைப் பொறுத்து 15 சதவீதம் வரை போகலாம் என்றது. இரவெல்லாம் கண்விழித்து உழைத்த ஒருவருக்கு, ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வருவதற்குள் குறைந்துபோவது வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைச் சின்னதாக்கிப் பேச நான் வரவில்லை. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பார்க்காமலே பலர் வெளியேறுகிறார்களே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தளத்தை நாம் ஒரு தரகராக நினைக்கிறோம். இரண்டு பேரை அறிமுகம் செய்துவைத்தாகிவிட்டது, இனி நடுவில் அவர் எதற்கு என்று தோன்றுகிறது. ஆனால் அறிமுகம் சின்ன வேலை. பணத்தை நடுவில் பிடித்துவைப்பதுதான் பெரிய வேலை. எஸ்க்ரோ என்று சொல்கிறோமே, அதுதான். மொத்தத் தொகை பேசிய வேலை என்றால், தொடங்கும் முன்பே கிளையண்ட் பணத்தைக் கட்டிவிடுகிறார். பணம் இருக்கிறது என்று ஃப்ரீலான்சருக்குத் தெரியும். வேலையைப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் அது கைமாறாது என்று கிளையண்டுக்குத் தெரியும். வேலையை வாங்கிக்கொண்டு கிளையண்ட் மௌனமாகிவிட்டால்? அப்வொர்க்கில் 14 நாள் கழித்துப் பணம் தானாகவே ஃப்ரீலான்சருக்குப் போய்விடும். மணிக்கணக்கில் செய்யும் வேலைக்கு, பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் பதிவாகிறது. யாரோ தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போல இருக்கிறது என்று பலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கும் அது பிடிக்காது. ஆனால் "நீ அந்த எட்டு மணி நேரம் வேலையே செய்யவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, கையில் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டை விட்டு வெளியே வந்ததும் முதலில் எழும் கேள்வி, யார் முதலில் கொடுப்பது என்பதுதான். கிளையண்ட் அட்வான்ஸ் கொடுத்தால், அவர் ஃப்ரீலான்சரின் தயவில் நிற்கிறார். ஃப்ரீலான்சர் வேலையை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், அவர் கிளையண்டின் தயவில் நிற்கிறார். அங்கேயும் கட்டணம் மிச்சம் பிடிக்க, பேபாலில் நண்பர்கள், குடும்பத்தினருக்கு அனுப்பும் வழியில் பணம் அனுப்பச் சொல்வார்கள். அந்த வழியில் அனுப்பிய பணத்துக்கு, பொருள் வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு கிடையாது. சரி, கார்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஃப்ரீலான்சர் நினைத்தால், கோப்புகள் எல்லாம் கைக்குப் போன பிறகு கிளையண்ட் வங்கியிடம் புகார் சொல்லிப் பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் வெறுங்கையோடு நிற்க வாய்ப்பிருக்கிறது.

இங்கே என் கதையைச் சொல்ல வேண்டும். சொல்வது எனக்குச் சுலபமில்லை.

பாடப் புத்தகங்களுக்குப் படம் வரையும் ஒரு பெண்மணி எனக்கு ஒரு தளத்தின் மூலம் அறிமுகமானார். அருமையான கை. இரண்டு வேலைகள் முடிந்ததும், வெளியே வந்துவிடலாமா என்று கேட்டது நான்தான். அவர் தயங்கினார். மிச்சமாகும் கமிஷனில் பாதி உங்களுக்கு என்றேன். ஒப்புக்கொண்டார். மூன்று மாதம் நன்றாகப் போனது. அவர் என்னை ஏமாற்றவில்லை, நானும் அவரை ஏமாற்றவில்லை. ஒரு நாள் பழக்கதோஷத்தில், பணம் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரியைத் தளத்தின் உரையாடலிலேயே போட்டுவிட்டார். தளத்தில் அறிமுகமாகிவிட்டு வெளியே பணம் கொடுத்து வாங்குவது அங்கே விதிமீறல். அடுத்த வாரம் எங்கள் இருவர் அக்கவுண்டும் மூடப்பட்டன.

எனக்கு அதனால் ஒரு வாரத் தொந்தரவு. வேறு இடத்தில் ஆள் தேடிக்கொண்டேன். அவருக்குப் போனது ஆறு வருடம். ஆறு வருடமாக ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ரிவ்யூவாகச் சேர்த்த பெயர். அதை எடுத்துக்கொண்டு இன்னொரு தளத்துக்குப் போக முடியாது. போகிற இடத்தில் அவர் நேற்று வந்த புது ஆள். கேட்டது நான், இழந்தது அவர். விதியை மீறுவதில் இருவருக்கும் சம பங்கு என்று காகிதத்தில் இருக்கலாம். நஷ்டம் அப்படிச் சமமாகப் பிரிவதில்லை. வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள். நீங்கள் கேட்கும்போது அவரால் மறுக்க முடிகிறதா?

அப்புறம், பலர் நினைத்தே பார்க்காத ஒன்று: செய்த வேலை யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்தேன், எனக்குத்தான் சொந்தம் என்கிறோம். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற சிற்பி, வீடற்றவர்களுக்காகப் பாடுபட்ட ஓர் அமைப்புக்குச் சிலை செய்துகொடுத்தார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. பதிப்புரிமை பற்றி இரு தரப்பும் பேசவே இல்லை. பிறகு இருவருமே உரிமை கேட்டு நின்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் ஊழியர் அல்ல, சுதந்திரமாக வேலை எடுத்துச் செய்தவர். ஆகவே காசு கொடுத்து வேலை வாங்கியதாலேயே அந்த அமைப்பு படைப்பின் ஆசிரியர் ஆகிவிடாது என்று 1989இல் தீர்ப்பு வந்தது. பெரிய தளங்களின் பொது ஒப்பந்தத்தில், பணம் கைமாறியதும் உரிமையும் கைமாறும் என்று எழுதியிருக்கும். நாம் படிக்காமலே ஒப்புக்கொண்ட அந்தப் பக்கங்களில் இப்படிச் சில நல்ல வரிகளும் உண்டு. வெளியே வந்தால் அந்த வரிகள் கூட வராது. உங்கள் லோகோவும் உங்கள் செயலியின் நிரலும் எழுத்துப்பூர்வமாக உங்களுடையதா என்று இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

எதிரில் இருப்பவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. 2022 மே மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறையும் கருவூலத் துறையும் எஃப்பிஐயும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. வட கொரியாவைச் சேர்ந்த ஐடி ஊழியர்கள் வேறு நாட்டவராகக் காட்டிக்கொண்டு தொலைவிலிருந்து வேலை எடுக்கிறார்கள், தெரியாமல் வேலை கொடுப்பவரும் பொருளாதாரத் தடைச் சட்டத்தில் சிக்கலாம் என்றது அது. இவர்கள் தளங்களுக்கு உள்ளேயும் புகுந்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடையாளச் சோதனை இருக்கும் இடத்திலேயே இந்த நிலை என்றால், டெலிகிராமில் ஒரு படத்தையும் ஒரு பெயரையும் மட்டும் நம்பி உங்கள் சர்வரின் பாஸ்வேர்டைக் கொடுப்பது எப்படிப்பட்ட காரியம்! ஃப்ரீலான்சர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. "டெஸ்ட் ப்ராஜெக்ட்" என்று வரும் கோப்பைத் திறந்தால் கணினிக்குள் வைரஸ் இறங்கிவிடலாம். வேலை தரும் முன் "டெபாசிட்" கேட்பவர் வேலை தரப்போவதில்லை.

அப்படியென்றால் காலத்துக்கும் கமிஷன் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? இல்லை. முறையாக வெளியேறவும் வழி இருக்கிறது. அப்வொர்க்கின் விதி, அங்கே அறிமுகமான நாளிலிருந்து 24 மாதம் பணப் பரிமாற்றம் அங்கேயே நடக்க வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே நேரடியாகப் போக விரும்பினால், ஒரு கட்டணம் செலுத்திவிட்டுப் போகலாம். நீண்ட கால உறவு என்று உறுதியாகத் தெரிந்தால் அதைக் கட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. தொகை பெரிதாகத் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு யாருக்கும் பயந்து மின்னஞ்சலை மறைக்க வேண்டியதில்லை.

தளமே இல்லாமல் நேரடியாக அறிமுகமானவர்களோடு வேலை செய்வதில் தவறே இல்லை. ஆனால் தளம் செய்த வேலைகளை நீங்களே செய்ய வேண்டும். என்ன வேலை, எப்போது, எவ்வளவு, உரிமை யாருக்கு, நின்றுபோனால் என்ன கணக்கு என்று எழுத்தில் வையுங்கள். நியூயார்க் நகரத்தில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 800 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் நாமாகவே எழுதிக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒரு துண்டு முடிந்ததும் அதற்குப் பணம், பிறகு அடுத்த துண்டு என்று போங்கள். ஏதாவது தவறினால் ஒரு துண்டோடு போகும்.

ஏற்கெனவே விதியை மீறி வெளியே வந்துவிட்டோமே என்று யாராவது இங்கே நினைத்துக்கொண்டிருந்தால், உங்களிடம் தனியாகவும் பேசத் தயாராக இருக்கிறேன். மாட்டிக்கொள்ளும் வரை காத்திருக்காமல், தளத்தின் உதவிப் பிரிவுக்கு நீங்களே எழுதி, ஒப்பந்தத்தை உள்ளே கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்வார்கள் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் எழுதும் முன் ஃப்ரீலான்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவருடைய அக்கவுண்டும் அதில் சேர்ந்திருக்கிறது.

கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளலாம்.