சக்கரப் பட்டையில் ஒரு பெயர்

மாண்புமிகு தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்த மருத்துவர் ஐயா அவர்களே, விடியற்காலையிலேயே எழுந்து இத்தனை பேருக்கும் சமைத்திருக்கும் சகோதரிகளே, மணியடிப்பதற்கென்றே என் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பொருளாளர் தம்பி அவர்களே, ஒமாஹா வாழ் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள, அமெரிக்காவின் மேற்கே குடியேற வண்டி கட்டிப் போன முன்னோடிகள் காலத்துச் சின்னங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாறைகள், ஒரு கல்லறை, ராபிடூ குடும்பத்தின் வணிகச் சாவடி என்று மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன்.

பாறை என்றால் மோரில் கவுண்டியின் சிம்னி ராக். அடியிலிருந்து நுனிவரை சுமார் 325 அடி. 1840களிலும் 50களிலும் ஆரிகனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் வண்டி கட்டிப் போனவர்கள் நாட்குறிப்பில் எழுதாமல் விடாத பாறை அது. ஆதிக்குடிகள் அதற்கு வைத்திருந்த பெயரைக் குழந்தைகள் இருக்கும் சபையில் சொல்ல முடியாது. பெரியவர்கள் தனியாக வந்து கேளுங்கள்!

அடுத்தது கல்லறை. ஸ்காட்ஸ் பிளஃப் கவுண்டியில் இருக்கிறது. 1852 ஆகஸ்ட். யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்ட, மார்மன் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் ஒன்று. வழியெல்லாம் காலரா. ரெபெக்கா விண்டர்ஸ் என்ற அம்மாள் படுத்தவர் எழவில்லை. அந்தப் பாதையில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பெரும்பாலோருக்கு ஒரு அடையாளக் கல்கூடக் கிடையாது. குழி மூடினார்கள், மறுநாள் வண்டி பூட்டினார்கள். இந்த அம்மாளுக்கு மட்டும் வில்லியம் ரெனால்ட்ஸ் என்ற குடும்ப நண்பர் இருந்தார். வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை ஒன்றை எடுத்தார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து உளியால் வெட்டினார்: "ரெபெக்கா விண்டர்ஸ், வயது 50." அதை வளைத்துக் குழியின் தலைமாட்டில் நட்டார்.

ஐம்பது வருஷம் கழியப்போகிற சமயம். பர்லிங்டன் ரயில்வேக்காரர்கள் தண்டவாளம் போட அளந்துகொண்டே வருகிறார்கள். புல்லுக்குள் அந்தப் பட்டை! படித்தார்கள். பாதையையே கொஞ்சம் ஒதுக்கிப் போட்டார்கள் என்று இன்றும் அந்த ஊரில் சொல்கிறார்கள். ரயில் ஒதுங்கியதய்யா, ஒரு பெயருக்காக! பார்க்க வருகிறவர்கள் தண்டவாளத்தை ஒட்டி நிற்பது ஆபத்து என்று 1995இல்தான் கல்லறையைச் சற்றுத் தள்ளி மாற்றினார்கள்.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? என் பாட்டி சொல்வாள். நான் எந்த மேடையிலும் சொல்வேன், உங்களுக்குச் சலித்திருக்கும். நம் சங்கத்தில் முதல் பொங்கல் யார் வீட்டு பேஸ்மென்ட்டில் நடந்தது? சொல்லுங்கள் பார்ப்போம். ஆளுக்கொரு வீடு சொல்கிறீர்கள்! அன்று பானை வைத்தவர்களில் இரண்டு பேர் இன்று இல்லை. ரெனால்ட்ஸுக்கு உளியும் இரும்பும் வேண்டியிருந்தது. நமக்குப் பேனா போதும், அதையும் எடுக்க மாட்டோம். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

தம்பி மணியடித்துவிட்டார். ராபிடூ சாவடியை நீங்களே போய்ப் பாருங்கள், காரில் ஏழு மணி நேரம். வாசல் மேசையில் கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். குடும்பத்துக்கு ஒரு பக்கம்: எந்த ஊர், எந்த வருஷம் வந்தீர்கள், முதலில் கதவு திறந்துவிட்டவர் யார். எழுதியவர்களுக்கே முதல் பந்தி என்று சகோதரிகளிடம் சொல்லிவிட்டேன். நன்றி, வணக்கம்.